மியாசிஸ் படத்தோடு எனக்கொரு தகராறு

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படித்த யாருக்கும் இந்தப் படம் மறந்திருக்காது. இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு வட்டம். மேல் வரிசையில் புரோஃபேஸ்-1, மெட்டாஃபேஸ்-1, அனாஃபேஸ்-1, டீலோஃபேஸ்-1. கீழ் வரிசையில் அதே நான்கு பெயர்கள், கூடவே 2 என்று ஓர் எண். வட்டத்துக்குள் சிவப்புப் புழு ஒன்று, நீலப் புழு ஒன்று. முதலில் கட்டிப் பிடித்திருக்கும், பிறகு நடுவில் வரிசையில் நிற்கும், பிறகு ஆளுக்கொரு பக்கம் போகும். ஸ்கெட்ச் பேனாவில் நானும் வரைந்திருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது போன வருஷம்தான். காரணம் என் அண்ணி. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) முப்பத்தெட்டு வயதில் உண்டானார். ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஒரே வரி: 47, எக்ஸ்எக்ஸ், +16. மருத்துவமனையில் "குரோமோசோம் பிராப்ளம்மா, உங்க தப்பு இல்ல" என்று ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீட்டில் அம்மா ஏற்கனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஐந்தாவது வாரத்தில் அண்ணி ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் போய் வந்தார்; ரோடு மோசம்; அதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பஸ் என்ற பேச்சு வந்தாலே ஒரு மௌனம் விழும், பாருங்கள், அந்த மாதிரி.

"தம்பி, நீங்கதானே பயாலஜி படிச்சீங்க? இந்த பதினாறுன்னா என்ன? எங்கேயிருந்து வந்துச்சு? எப்ப வந்துச்சு?" என்று அண்ணி கேட்டார்.

நான் அந்த எட்டு வட்டப் படத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, இந்தப் படத்தை வைத்து அவர் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது. "எப்ப" என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் இடமே கிடையாது. எட்டு வட்டமும் ஒரே அளவு. பார்க்கிறவர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகும் என்றுதான் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் புகார் அதுதான்: நேரம். கம்புக்கு உறவான ரை என்று நினைத்துவிடாதீர்கள், ரை கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம். அதன் மகரந்தத் தாய்ச் செல்லில் மியாசிஸ் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேம்பிரிட்ஜில் பென்னட்டும் உடன் வேலை பார்த்தவர்களும் 1971 வாக்கில் அளந்து வைத்திருக்கிறார்கள். இருபது டிகிரி வெப்பத்தில் மொத்தம் சுமார் 51 மணி நேரம். அதில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் புரோஃபேஸ்-1 மட்டும். மீதி ஏழு வட்டங்களுக்கும் சேர்த்து பத்து மணி நேரம் சொச்சம். அனாஃபேஸ் ஒரு மணி நேரம்கூட நிற்பது சந்தேகம். ஐந்தில் நான்கு பங்கு நேரத்தை விழுங்குகிற கட்டத்துக்கு எட்டில் ஒரு வட்டம். இது ஒரு தானியத்தின் கதை. மனுஷப் பெண்ணின் முட்டைக்கு வந்தால் அந்தப் படம் மொத்தமாகப் படுத்துவிடும்.

பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சினைப்பைச் செல்கள் மியாசிஸைத் தொடங்கிவிடுகின்றன. இருபதாவது வாரம் வாக்கில் அறுபது, எழுபது லட்சம் செல்கள். பிறக்கும்போது அது பத்து, இருபது லட்சமாகக் குறைந்திருக்கும். அத்தனையும் புரோஃபேஸ்-1இன் கடைசிப் பகுதிக்கு முன்னால், டிப்ளோடீன் என்ற இடத்தில், வந்து நின்றுவிடும். அப்படியே நிற்கும். குழந்தை தவழும், பள்ளிக்கூடம் போகும், வயசுக்கு வரும், வேலைக்குப் போகும், கல்யாணம் ஆகும்; அது நிற்கும். ஒரு மாதச் சுழற்சியில் ஹார்மோன் அலை ஒன்று எழும்போது அந்த மாதத்துக்கான முட்டை மட்டும் விழித்துக்கொண்டு, சுமார் ஒன்றரை நாளில் மெட்டாஃபேஸ்-1, அனாஃபேஸ்-1 எல்லாம் முடித்து, மெட்டாஃபேஸ்-2இல் வந்து மறுபடியும் நின்றுவிடும். விந்தணு உள்ளே நுழைந்தால்தான் அடுத்த அடி. நுழையாவிட்டால் அந்த முட்டை மியாசிஸை முடிக்காமலேயே அழிந்துபோகும். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் வெளியே வருகிற முட்டைகள் நானூறு சொச்சம்தான். அவற்றிலும் பெரும்பாலானவை மெட்டாஃபேஸ்-2ஐத் தாண்டுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டு அண்ணியின் அந்த முட்டைக்குப் படம் வரைந்தால், புரோஃபேஸ்-1 முப்பத்தெட்டு மீட்டருக்கு நீளும். மூன்று டவுன் பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வருகிற நீளம். அதன் பிறகு மெட்டாஃபேஸ்-1இல் தொடங்கி மெட்டாஃபேஸ்-2இல் வந்து நிற்பது வரை எல்லாம் சேர்த்து நாலு மில்லிமீட்டர். ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை.

இந்த ஒரு விஷயத்தை அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரியாகப் போட்டிருக்கலாம். போடவில்லை. முட்டை உருவாவதைப் பற்றி வேறு பாடத்தில், அடுத்த வருஷப் புத்தகத்தில் போடுகிறார்கள். அங்கே "முதல் மியாசிஸ் தடைபட்டு நிற்கிறது" என்று ஒரு வாக்கியம் வரும். இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லி எனக்கு யாரும் சொன்னதில்லை.

இப்படி ஒரு படம் எப்படி வந்தது என்று தேடினேன். பெயர்களில்தான் வினை இருக்கிறது என்பது என் கட்சி. புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் என்ற சொற்களை ஸ்ட்ராஸ்பர்கர் 1884இல் உண்டாக்கினார். டீலோஃபேஸ் 1894இல் ஹைடன்ஹைன் சேர்த்தது. இவையெல்லாம் சாதாரணச் செல் பிரிவை, அதாவது மைட்டாசிஸை, பார்த்து வைத்த பெயர்கள். அங்கே அவை நன்றாகப் பொருந்தும். இனப்பெருக்கச் செல்லில் வேறு மாதிரி ஒரு பிரிவு நடக்கிறது என்று தெளிவானபோது, புதுப் பெயர் தேடாமல் பழைய சட்டையையே மாட்டிவிட்டார்கள். இரண்டு தடவை பிரிகிறது, சரி, 1, 2 என்று எண் போடு. சட்டை எங்கே பிடிக்கிறது என்றால் புரோஃபேஸ்-1இல். மைட்டாசிஸ் புரோஃபேஸில் நடக்காத ஏகப்பட்ட வேலை அங்கே நடக்கிறது. ஆகவே அந்த ஒரு பைக்குள் இன்னும் ஐந்து பெயர்களைத் திணிக்க வேண்டியதாயிற்று: லெப்டோடீன், சைகோடீன், பாக்கிடீன், டிப்ளோடீன், டயாகைனசிஸ். இவற்றில் பெரும்பாலானவை 1900இல் வினிவார்ட்டர் என்ற பெல்ஜியக்காரர் முயல், மனுஷ சினைப்பைகளைப் பார்த்து வைத்தவை. மெல்லிய நூல், நுகம் பூட்டிய நூல், தடித்த நூல், இரட்டை நூல் என்று கிரேக்கத்தில் அர்த்தம். கவனியுங்கள், எல்லாமே பார்வைக்கு எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்கிற பெயர்கள். என்ன வேலை நடக்கிறது என்று ஒன்றுகூடச் சொல்லாது.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் பார்த்ததெல்லாம் செத்த செல். திசுவை அமிலத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஓடுகிற படம் கிடையாது; கலைந்து கிடக்கிற ஃபோட்டோக்கள். எது முன்னால், எது பின்னால் என்று அடுக்க வேண்டிய பொறுப்பு பார்க்கிறவருடையது. ஒத்த குரோமோசோம்கள் பக்கவாட்டில் சேர்கின்றனவா, அல்லது முனையோடு முனை ஒட்டிக்கொள்கின்றனவா என்பதில்கூட அந்தக் காலத்து ஆட்கள் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். கட்டங்கள் என்பவை செல் போட்டுக்கொண்ட எல்லைகள் அல்ல. நாம் ஃபோட்டோக்களை அடுக்குவதற்காக எழுதிய துண்டுச்சீட்டுகள். நம் புத்தகம் துண்டுச்சீட்டை மனப்பாடம் செய்யச் சொல்கிறது.

தமிழ்ப் பெயரையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். மியாசிஸ் என்ற சொல் ஃபார்மர், மூர் என்ற இருவர் 1905இல் கொடுத்தது. கிரேக்கத்தில் குறைதல் என்று பொருள். நம் புத்தகத்தில் குன்றல் பகுப்பு. இலங்கைப் புத்தகங்களில் ஒடுக்கற்பிரிவு. (குரோமோசோம் அங்கே நிறமூர்த்தம். அழகான சொல், எனக்குப் பொறாமை.) மூன்றுமே பாதியாவதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. 1883இல் வான் பெனெடன், குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவில், முட்டையிலிருந்து இரண்டும் விந்தணுவிலிருந்து இரண்டுமாகக் குரோமோசோம்கள் வந்து சேர்வதைக் காட்டினார். அப்படியானால் எங்கோ ஒரு இடத்தில் பாதியாகியே தீர வேண்டும், இல்லாவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போகும் என்று 1887இல் வைஸ்மான் சொன்னார். ஆகப் பெயர் ஒரு கணக்கிலிருந்து பிறந்தது. கணக்கு சரி. ஆனால் 46 எப்படி 23 ஆகிறது என்பது வகுத்தலில் அடங்குகிற விஷயம் இல்லை. எந்த 23 என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று, தவறாமல். 16ஆம் ஜோடியிலிருந்து இரண்டும் வந்துவிட்டால் அண்ணிக்கு நேர்ந்தது நேரும்.

அதனால் புரோஃபேஸ்-1இல் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். செல் தன் டிஎன்ஏவை ஏற்கனவே ஒரு பிரதி எடுத்துவிட்டது. ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டையாக, இரண்டு சகோதர குரோமாட்டிட்களாக இருக்கிறது. அந்த இரண்டையும் நீளம் முழுக்கக் கட்டி வைத்திருப்பது கோஹெசின் என்ற புரத வளையங்கள். இந்தக் கட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை வேண்டும்.

லெப்டோடீனில் செல் ஒரு பைத்தியக்கார வேலை செய்கிறது. தன் டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஸ்போ-11 என்ற புரதம்தான் கத்தரி என்பது 1997இல் தெரியவந்தது. சுண்டெலியின் ஒரு செல்லில் இருநூறுக்கும் மேற்பட்ட வெட்டுகள் விழுகின்றன. வேறு எந்தச் செல்லிலாவது இப்படி நடந்தால் அது சாவு. இங்கே இதுதான் வழி. வெட்டுப்பட்ட முனை தன்னைச் சரிசெய்துகொள்ள ஒரு மாதிரியைத் தேடுகிறது. தேடிப் போய் தன் ஜோடிக் குரோமோசோமைக் கண்டுபிடிக்கிறது. அப்பாவிடமிருந்து வந்த 16, அம்மாவிடமிருந்து வந்த 16ஐ அந்தக் கூட்டத்தில் அடையாளம் காண்பது இப்படித்தான். சைகோடீனில் இரண்டும் ஜிப் போட்டதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஜிப்பை நன்னீர் இறால் வகை ஒன்றின் விந்துச் செல்லில், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், 1956இல் மோசஸ் என்பவர் முதலில் பார்த்தார். பாக்கிடீனில் பழுதுபார்ப்பு முடிகிறது. வெட்டுகளில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் ஆறிவிடும். பத்தில் ஒன்று போல மட்டும் குறுக்கேற்றமாக முடியும்: அப்பாவின் துண்டும் அம்மாவின் துண்டும் நிரந்தரமாக இடம் மாறிவிடும். டிப்ளோடீனில் ஜிப் திறந்துவிடும். ஆனால் குறுக்கேற்றம் நடந்த இடத்தில் மட்டும் இரண்டும் பிரிய முடியாமல் பின்னிக்கொண்டு நிற்கும். கையாஸ்மா என்று படிக்கிறோமே, அதுதான். ஜான்சென்ஸ் என்ற பெல்ஜியப் பாதிரியார் 1909இல் இந்தப் பின்னலைப் பார்த்து, இங்கே பரிமாற்றம் நடந்திருக்க வேண்டும் என்று சொன்னார். 1931இல் கிரெய்ட்டனும் மெக்ளின்டாக்கும் மக்காச்சோளத்தில் அதை நிரூபித்தார்கள்.

இங்கே என் இரண்டாவது புகார். குறுக்கேற்றம் எதற்கு என்று கேட்டால், "வேறுபாடுகளை உண்டாக்க, பரிணாமத்துக்கு உதவ" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். புத்தகம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. பொய் இல்லை. ஆனால் அது அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கிற லாபம். இந்தச் செல்லுக்கு, இப்போது, கையாஸ்மா இல்லாவிட்டால் அடுத்த கட்டமே நடக்காது.

கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஆள் இழுக்கிறார்கள். கயிறு ஒன்றாக இருந்தால்தான் இழுவிசை தெரியும். நடுவில் முடிச்சே போடாத இரண்டு கயிறுகள் என்றால் இழுக்கிறவனுக்கு எதிராளி இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. மெட்டாஃபேஸ்-1இல் கதிர்கோல் இழைகள் ஒரு 16ஐ இந்தப் பக்கமும் மற்ற 16ஐ அந்தப் பக்கமும் இழுக்கின்றன. கையாஸ்மா இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால் விசை உண்டாகிறது. விசை இருந்தால் பிடி நிலைக்கும். இல்லாவிட்டால் பிடி நழுவி, செல் மறுபடி முயற்சி செய்யும். புரூஸ் நிக்லஸ் என்ற அமெரிக்கர் வெட்டுக்கிளியின் விந்துச் செல்லுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியை விட்டு குரோமோசோமை இழுத்துப் பிடித்தே இதைக் காட்டினார். இரண்டு குரோமோசோம்களும் தப்பாக ஒரே பக்கம் மாட்டிக்கொண்டபோதும், அவர் ஊசியால் இழுத்து விசை கொடுத்தவரை அந்தத் தப்பான பிடி நிலைத்து நின்றது. 1969இல் வெளியானது. உயிரியலில் எனக்குப் பிடித்த பத்து சோதனைகளில் ஒன்று இது. அந்த எட்டு வட்டத்தில் இதற்கு ஒரு அம்புக்குறிகூட இல்லை.

விதிவிலக்கு கேட்கிறவர்களுக்கு: ஆண் பழ ஈக்குக் குறுக்கேற்றமே கிடையாது. பெண் பட்டுப்பூச்சிக்கும் கிடையாது. அவை ஜோடியைப் பிடித்து வைக்க வேறு ஏற்பாடு செய்துகொள்கின்றன. எப்படியோ பிடித்து வைத்தாக வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

முடிச்சு அறுகிற இடம்தான் மியாசிஸ்-1க்கும் 2க்கும் உள்ள உண்மையான வித்தியாசம். அட்டவணையில் எழுதுவோமே, "முதல் பிரிவில் ஒத்த குரோமோசோம்கள் பிரிகின்றன, இரண்டாம் பிரிவில் குரோமாட்டிட்கள் பிரிகின்றன, இது மைட்டாசிஸ் போன்றது." ஐந்து மார்க். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கோஹெசின் கட்டை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அனாஃபேஸ்-1 தொடங்கும்போது செபரேஸ் என்ற நொதி அந்தக் கட்டை வெட்டுகிறது. ஆனால் குரோமோசோமின் கைப்பகுதியில் உள்ளதை மட்டும். சென்ட்ரோமியரைச் சுற்றியுள்ள கட்டு தப்பிவிடும், ஏனென்றால் அங்கே ஒரு காவல் இருக்கிறது. ஷுகோஷின் என்ற அந்தப் புரதத்துக்கு 2004இல் பெயர் வைத்தவர்கள் ஜப்பானியர்கள். காவல் தெய்வம் என்று அர்த்தம். நம்மூரில் கண்டுபிடித்திருந்தால் அய்யனார் என்று வைத்திருப்போம். கைக்கட்டு அறுந்ததும் கையாஸ்மா வழுக்கிக்கொண்டு அவிழும், ஜோடி பிரியும், ஆனால் சகோதரர்கள் இருவரும் இடுப்பில் கட்டோடு ஒன்றாகவே போவார்கள். இரண்டாம் பிரிவில் காவல் விலகும், இடுப்புக்கட்டும் அறும். ஒரே கட்டு, இரண்டு தவணையில் அறுபடுகிறது. எட்டு வட்டமும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும் என்றுகூடச் சொல்வேன்.

"மைட்டாசிஸ் போன்றது" என்பதும் எனக்கு உறுத்துகிறது. மைட்டாசிஸில் பிரிகிற இரண்டும் அச்சு அசல் பிரதிகள். இங்கே குறுக்கேற்றம் நடந்துவிட்டதால் பெயர்தான் சகோதரர்கள், சாயல் வேறு. நடுவில் டிஎன்ஏ பிரதியெடுப்பும் கிடையாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அட்டவணையின் ஒழுங்கும்கூட எல்லா இடத்திலும் செல்லாது. லூசுலா என்ற செடியில் வரிசை தலைகீழ்: முதலில் குரோமாட்டிட்கள் பிரியும், ஜோடி பிறகுதான். செடிகளை விடுங்கள். மனுஷ முட்டைகளிலேயே சில சமயம் சில குரோமோசோம்கள் இப்படித் தலைகீழாகப் பிரிகின்றன என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆக, அண்ணிக்கு நான் சொன்னது இது. படத்தை மூடி வைத்துவிட்டு, பழைய சர்டிஃபிகேட் கட்டுக்குப் போட்டிருந்த ரப்பர் பேண்டை எடுத்துக் காட்டினேன். பீரோவில் வருஷக்கணக்கில் கிடந்தது. இழுத்தால் பட்டென்று போய்விட்டது. கோஹெசின் கட்டு போடப்படுவது முட்டை வயிற்றுக் குழந்தைக்குள் இருக்கும்போது. அதன் பிறகு புதுசு போட்டு மாற்றுவதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை என்று எலிகளில் செய்த சோதனைகள் 2010இலும் 2016இலும் காட்டின. முப்பத்தெட்டு வருஷக் கட்டு. சில இடத்தில் தளர்ந்திருக்கும். தளர்ந்தால் முடிச்சு முன்கூட்டியே அவிழும், இழுவிசை குழம்பும், இரண்டு 16ம் ஒரே பக்கம் போய்விடும். முட்டையில் 24. விந்தணுவின் 23 சேர்ந்தால் 47. வயதோடு இது கூடுவதற்குக் கட்டு தளர்வது மட்டும் காரணம் இல்லை. மனுஷ முட்டையின் கதிர்கோலே கொஞ்சம் தடுமாறுகிற ஜாதி. (நம் படத்தில் இரண்டு துருவத்திலும் சென்ட்ரியோல் நட்சத்திரம் வரைகிறோம் அல்லவா? மனுஷ முட்டையில் அது கிடையாது. பூக்கும் செடியிலும் கிடையாது. ஆனால் வரையாவிட்டால் மார்க் குறையும்.)

அவருடைய ரிப்போர்ட்டில் எந்தப் பிரிவில் தவறு நடந்தது என்று இருக்காது. ஆனால் 16 மூன்றான கருக்களை ஆராய்ந்தவர்கள் பார்த்ததில் கிட்டத்தட்ட எல்லாமே தாயின் முட்டையில், பெரும்பாலும் முதல் பிரிவில் நேர்ந்தவை. கலைகிற கருக்களில் காணப்படும் மூன்றாம் குரோமோசோம்களில் அதிகம் வருவதும் இந்தப் பதினாறுதான். முழுக் கருவிலும் அது மூன்றாக இருந்தால் குழந்தை பிறக்கும் வரை தங்காது. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு இப்படி ஏதோ ஒரு குரோமோசோம் கணக்குப் பிசகுதான் காரணம்.

"அப்ப பஸ்ஸு?" என்றார்.

முட்டை வெளியே வரும்போதே அந்த எண்ணிக்கை முடிவாகியிருக்கும். கல்யாணத்துக்குப் போனது அதற்கு மூன்று வாரம் கழித்து. அண்ணி பேசாமல் அந்த ரப்பர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இந்த முட்டை எங்கம்மா வயித்துல நான் இருந்தப்பவே ஆரம்பிச்சதா?" என்றார். ஆமாம் என்றேன். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போய்விட்டார். மறுநாள் என்னிடம் தனியாக, "அந்தக் கணக்கை இன்னொரு தடவை சொல்லு" என்றார். வாழைப்பழத்தை வைத்துச் சொன்னேன். வீட்டில் பூவன் தார் இருந்தது. நம் பூவனில் குரோமோசோம்கள் பதினொன்று பதினொன்றாக மூன்று செட், மொத்தம் 33. மூன்று பேரை இரண்டு பக்கமாக ஒழுங்காகப் பிரிக்க முடியாது. மியாசிஸ் குழம்பும், விதை உருவாகாது. பழத்தை நறுக்கினால் நடுவில் தெரிகிற கறுப்புப் புள்ளிகள் விதையாக முடியாமல் போனவை. (விதை இல்லாமலே பழம் திரளுவதற்கு வேறு மரபணுக் காரணமும் உண்டு, அது தனிக் கதை.) அம்மா ஒரு பழத்தை வட்டமாக நறுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு பஸ் பேச்சு வந்தால் மௌனம் விழுவதில்லை. என்னால்தானா என்று தெரியாது.

அன்றைக்கு அண்ணிக்காக ஒரு நோட்டுத் தாளில் புதுப் படம் ஒன்று வரைந்தேன். நீளமான கோடு, கடைசியில் நெருக்கமாக நாலு கீற்று. கோட்டின் முனையில் பழக்கதோஷத்தில் நான்கு சம அளவு வட்டம் போட்டுவிட்டேன். அண்ணி அதைப் பார்த்து, "மாசத்துக்கு ஒரு முட்டைதானே? மீதி மூணு எங்கே?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சரி. முட்டையில் நான்கு சம செல்கள் வருவதே இல்லை. ஒன்று எல்லாச் சத்தையும் எடுத்துக்கொள்ளும், மற்றவை துருவ உடலங்கள் என்று பொட்டு மாதிரி ஒதுங்கி அழிந்துபோகும். நானே அந்த எட்டு வட்டத்தைத் திட்டிக்கொண்டு அதையே வரைந்திருக்கிறேன். மூன்றை அடித்துவிட்டு ஓரத்தில் சின்னப் புள்ளிகள் வைத்தேன். தாள் இப்போது அவர் ஃபைலில், ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது.